மாத்திரை எண்ணும் விரல்கள்

நாவலூரில் ராஜீவ் காந்தி சாலையோர மருந்துக் கடைகளில் சாயங்காலக் கூட்டத்தில் நிற்கும்போது என் கண் போவது மருந்தாளுநரின் கத்தரிக்கோல் மீதுதான். பத்து மாத்திரை அட்டையில் நாலு போதும் என்பவருக்கு, காலாவதித் தேதி அச்சான ஓரத்தைத் தொடாமல் மறுமுனையிலிருந்து வெட்டுகிறார் கைதேர்ந்தவர். அட்டை நறுக்கென்று பிரிகிறது. ஒரு குமிழ்கூடக் கிழிவதில்லை. வெட்டிய துண்டில் இல்லாத தேதியைக் காகித உறையில் பேனாவால் எழுதுகிறார். படிக்கத் தெரியாதவர் என்றால் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை.

சுவரில் சட்டம் போட்ட தமிழ்நாடு மருந்தியல் கவுன்சில் பதிவுச் சான்றிதழை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் படிப்பு பேச்சில் தெரிகிறது. “பாட்டி, தைராய்டு மாத்திரைய எந்திரிச்சதும் வெறும் வயித்துல போடுங்க. கால்சியம் மாத்திரைய கூடவே போட்டுடாதீங்க, நாலு மணி நேரம் போகட்டும்.” சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. “எங்க, நீங்க ஒருவாட்டி சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்கிறாரே, அந்த அரை நிமிஷப் பொறுமைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பாட்டி சொல்லி முடிக்கும்வரை அடுத்த சீட்டை அவர் வாங்குவதில்லை.