தியாகமும் நிரூபணமும்: மஞ்சட் காய்ச்சல் ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

தமது உடலையே பரிசோதனைக் களமாக்கிய விஞ்ஞானிகளின் வரலாறுகள் வாசகர் உள்ளத்தை எளிதிற் கவர்வன. போல் டி கிரைவ் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மைக்றோப் ஹன்ரர்ஸ்’ என்னும் நூல் இத்தகைய வரலாறுகளைச் சாதாரண வாசகரிடம் கொண்டு சென்றது. அதில் மஞ்சட் காய்ச்சல் பற்றிய அத்தியாயம் வால்ற்றர் றீட்டின் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் வழிவந்த சிட்னி ஹவார்டின் ‘யெலோ ஜக்’ நாடகம் 1934இல் மேடையேறிற்று. இவை நிலைநாட்டிய வீரப் படிமம் வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

நுளம்பே நோய்காவி என்னும் கருதுகோளைக் கியூப வைத்தியர் கார்லொஸ் பின்லே 1881இலேயே முன்வைத்தார். ஏறத்தாழ இருபதாண்டுகள் அது புறக்கணிக்கப்பட்டது. 1898ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் கியூபாவை ஆக்கிரமித்திருந்த ஐக்கிய அமெரிக்கப் படையினரை நோய் தாக்கியபோதே, 1900இல் றீட் தலைமையிலான ஆணைக்குழு அங்கு அனுப்பப்பட்டது. ஆய்வுக்கு வேண்டிய நுளம்பு முட்டைகளை வழங்கியவரும் பின்லேயே.

ஆணைக்குழு உறுப்பினரான ஜேம்ஸ் கரல் அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் நுளம்பொன்று தம்மைக் கடிக்க இடமளித்து, மரணத் தறுவாயை எய்தி மீண்டார். ஜெஸ்ஸி லசீர் செப்ரெம்பர் 25ஆந் திகதி, தமது 34ஆவது வயதில் மாண்டார். தற்செயலாக நேர்ந்த கடி என அறிக்கை கூறிற்று. அவர் வேண்டுமென்றே இடமளித்தார் என்னும் ஐயம் இன்றும் நீங்கவில்லை. றீட்டோ அவ்வேளையில் அமெரிக்காவில் இருந்தார்.

ஆயினும் கரலின் துணிவு கருதுகோளை நிரூபிக்கவில்லை. நோயாளர் மத்தியில் நடமாடிய அவருக்கு வேறு வழியிலும் நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஆட்சேபத்துக்கு இடமிருந்தது. 1892இல் மியூனிச்சிற் பெற்றன்கோபர் கொலராக் கிருமிகளை அருந்தியும் கடுநோய்க்கு ஆளாகவில்லை. அவர் கொண்ட கொள்கையோ பிழையானது. துணிவு வேறு, நிரூபணம் வேறு.

நிரூபணம் 1900 நவம்பரில் அமைக்கப்பட்ட லசீர் முகாமிலேயே கிட்டியது. நோயாளரின் அழுக்குப் படுக்கைகளில் இருபது இரவுகள் துயின்றோர் சுகமாயிருந்தனர். நுளம்பு கடித்தோரிடையே நோய் கண்டது. இங்கு உடலை அளித்தோர் யாவர்? படைவீரரும், ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேற்றவாசிகளுமே. பின்னவர்க்கு 100 டொலர். நோயுற்றால் மேலும் 100. அவர்களிடம் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டமை மருத்துவ அறவியலில் ஒரு முன்னேற்றமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வறியவனின் சம்மதமும் விஞ்ஞானியின் சம்மதமும் ஒரே தன்மையனவா? 1901 ஓகஸ்ற்றில், ஹவானாவில் நிகழ்ந்த பிறிதொரு பரிசோதனையில், 25 வயதுத் தாதி கிளாரா மாஸ் உயிர்நீத்தார். அவருக்கும் வழங்கப்பட்டது 100 டொலரே.

அத்தியாயந்தோறும் ஒரு நாயகனை முன்னிறுத்தும் நூலமைப்பு, கூட்டு உழைப்பைத் தனிமனித சாதனையாகச் சுருக்கிவிடுகின்றது. ஏனையோர் துணைப்பாத்திரங்களாகின்றனர். கரலினதும் லசீரினதும் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தியாகத்தின் ஒளியில், கூலிக்கு உடலை ஈடுவைத்தவர்கள் மறைந்துவிடலாகாது என்பதே எமது வாதம். விஞ்ஞான வரலாறு எழுதப்புகுவோர், கண்டுபிடித்தவர் யார் என வினவுவதோடு அமையாது, எவருடைய உடலில் அது கண்டுபிடிக்கப்பட்டது எனவும் வினவுதல் வேண்டும்.