கடைசிச் சொல்

ஐரோப்பியச் சட்டத்துக்கும் உறுப்பு நாடுகளின் அரசியல் சட்டங்களுக்கும் பொதுவாக ஒரு உச்சி தேவையில்லை என்றார் நீல் மக்கார்மிக், 1993இல். இதற்கு முன்னோடியாக நான் படிப்பது ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் ஒரு சொல்லை: 'வரையில்'. ஐரோப்பியச் சமூகத்தில் அடிப்படை உரிமைப் பட்டியல் இல்லாதவரையில் நாங்களே சோதிப்போம் என்றது 1974இல். அங்கே போதிய காப்பு இருக்கும்வரையில் சோதிக்கமாட்டோம் என்றது 1986இல். கவிதையில்கூட ஒரு இடைச்சொல் இவ்வளவு சுமப்பது அபூர்வம்.

2021இல் போலந்தின் நீதிமன்றமும் தன் நாட்டு அரசியல் சட்டமே மேல் என்றது. தன் நீதிபதிகள் சிலரின் நியமனமே சர்ச்சைக்குள்ளான நீதிமன்றம் அது. வாக்கிய அமைப்பு ஏறத்தாழ ஒன்று, குரல் வேறு. அந்தக் குரலை இனங்காணும் வழி மக்கார்மிக்கிடம் எனக்குக் கிடைக்கவில்லை. உருவத்தோடு நின்றுவிடும் நம் விமர்சனத்தின் குறையும் இதுவே. யார், எவர் உரிமைக்காகப் பேசுகிறார் என்று கேட்காத பன்மை வெறும் இலக்கணம்.