நிறுத்தும் வேளை

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்பது ஒரே பனைதான். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலத்து மண். பனையேறி கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டிவிட்டு இறங்கினால், மறுநாள் காலையில் கிடைப்பது அக்கானி. வடக்கே பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் கிடைப்பது கள்ளு. பாளை அதே பாளை, அரிவாள் அதே அரிவாள், நடுவில் கழிந்த இரவும் ஒன்றே. காற்றில் வரும் ஈஸ்டுக்கும், கலயத்தின் சுவரில் ஒட்டிக் கிடக்கும் பாக்டீரியாவுக்கும் சுண்ணாம்பின் காரத்தன்மை ஆகாது. அவை வேலை செய்யாமல் ஒதுங்கிக்கொள்ள, பனையின் இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டப்படி இறங்குவது அக்கானி மட்டும். இந்தப் பக்கம், கேரளத்தில், இரண்டும் உண்டு.

திருவனந்தபுரத்தில் குடியேறி வீட்டில் ஒவ்வொன்றாகப் புளிக்க வைத்துப் பழகிய பிறகுதான், அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் பெருமை எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் ஒன்றைப் புளிக்க வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கடற்காற்றும் ஈரமும் முப்பது டிகிரிக்கு மேல் ஏறும் வெயிலும் அந்த வேலையைத் தாமே செய்துவிடும். அடுக்களை மேடையில் விட்டுப்போன இளநீரும் சாயங்காலத்துக்குள் நுரை கட்டும். கைப்பக்குவம் எல்லாம் நிறுத்துவதில் இருக்கிறது. சுண்ணாம்பால், உப்பால், குளிரால், ஒரு கொதியால், அல்லது அந்த நிமிஷத்தில் எடுத்துக் குடித்துவிடுவதால் நிறுத்துவது. புளித்த பானங்களை ரசிப்பது என்றால் எனக்கு அந்த வேளையை ரசிப்பதுதான்.

சம்பாரத்திலிருந்து தொடங்குகிறேன். நமது நீர்மோருக்கு நெருங்கிய உறவு, ஆனால் குணம் வேறு. நீர்மோரில் பெருங்காயம் முன்னால் நிற்கும். கொத்தமல்லித் தழையும் பல வீடுகளில் கடுகு தாளிப்பும் சேரும். இந்த ஊர்ச் சம்பாரத்தில் தாளிப்பும் இல்லை, பெருங்காயமும் இல்லை. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நாரத்தை இலை, உப்பு, அவ்வளவுதான். சிலர் சின்ன உள்ளி சேர்ப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உள்ளி வந்தால் இலையின் மணம் பின்னால் போய்விடுகிறது. எதையும் அரைக்கக் கூடாது. அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டு, நார் பிரிந்து சாறு கசிகிற அளவுக்கு, அதோடு சரி. நாரத்தை இலையைக் கையால் கிழித்துப் போட வேண்டும். கிழித்ததும் மூக்கில் ஏறும் அந்தப் பச்சை மணத்துக்காகவே நான் தொட்டியில் ஒரு நாரத்தை வளர்க்கிறேன். நாலைந்து இலைக்குமேல் போனால் கசப்பு இறங்கும்.

ஆனால் சம்பாரம் தேறுமா தேறாதா என்பது முதல் நாள் ராத்திரியே முடிவாகிவிடுகிறது. மேடத்து வெயிலில் பாலுக்கு உறை ஊற்றும் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும். அந்திக்கு ஊற்றினால் விடியும்போது புளிப்பு கடந்திருக்கும். படுக்கப் போகும்போது ஊற்றினால் காலையில் தயிர் இறுகி, இனிப்பு இன்னும் முழுக்க விலகாமல் இருக்கும். அந்தத் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இடித்ததைப் போட்டு ஒரு மணி நேரம் மண்பானையில் வைத்தால் போதும். அதற்குள் மோரின் புளிப்பு இன்னும் ஒரு சின்ன அடி முன்னேறும். இஞ்சியின் காரமும் அதுவும் சமமாகும் இடத்தில் டம்ளரில் ஊற்றிவிட வேண்டும். இங்கே சத்யை என்னும் கல்யாண விருந்தில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பாயசம் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள், அதற்குப் பிறகு மறுபடி சோறு வாங்கி மோர் விட்டுக்கொள்வார்கள். அந்த இனிப்புக்கெல்லாம் பதில் சொல்லத் தெம்புள்ள மோராக இருக்க வேண்டும். மில்மாவின் சம்பாரம் பாக்கெட்டிலும் கிடைக்கிறது. பஸ் பயணத்தில் நானும் வாங்கிக் குடிப்பேன். அதன் புளிப்பு எந்த நாளும் ஒரே மாதிரி. வீட்டுச் சம்பாரத்தில் நேற்று மேகம் போட்டிருந்ததா, வெயில் அடித்ததா என்பது நாக்கில் தெரியும்.

என் சொந்தப் பானம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இஞ்சியைச் சொல்வேன். சாலைக் கடைவீதியில், ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது போட்ட அந்தப் பழைய தெருவில், மண் ஒட்டிய இஞ்சி கிடைக்கிறது. நன்றாகக் கழுவிப் பளபளவென்று வரும் இஞ்சி எனக்கு வேண்டாம். தோலில்தான் ஈஸ்டு குடியிருக்கிறது. தோலோடு நசுக்கி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டு வந்தால், மூன்று நாலு நாளில் உறை தயார். கிணறு உள்ள வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி எடுத்துக்கொள்ளலாம். அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் எடுப்பது நல்லது. கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து நமக்கு வேண்டிய உயிரையும் தொடும்.

பிறகு இஞ்சியும் மறையூர் வெல்லமும் கொதித்த சாறு. அது முழுக்க ஆறியதும் எலுமிச்சை பிழிந்து, உறையை வடிகட்டிச் சேர்த்து, சீசாவில் கழுத்து வரை விட்டு மூடுகிறேன். அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் நிரப்பி வைப்பேன். கண்ணாடிச் சீசாவுக்குள் அழுத்தம் எவ்வளவு என்பது வெளியே தெரியாது. பிளாஸ்டிக் பாட்டிலை விரலால் அமுக்கிப் பார்த்தால் தெரியும். அது கல்லாக இறுகிவிட்டால் எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் கண்ணாடி வெடிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் ஒரு வாரம் என்று போட்டிருப்பார்கள். மார்ச் மாதத் திருவனந்தபுரத்தில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாராளம். இடவப்பாதி மழை தொடங்கி அடுக்களை குளிர்ந்துவிட்டால் இரண்டு நாளைக்கு மேலும் கேட்கும்.

இந்தப் பானம் வளர்வதை நாக்கால் பின்தொடர்வது பெரிய சுகம். முதலில் வெறும் வெல்லப் பாகு, அதன் மேல் பச்சை இஞ்சி. இரண்டும் ஒன்றை ஒன்று தெரியாதவை போலத் தனித்தனியே நிற்கும். சில மணி நேரம் கழிந்தால் இனிப்பு மெலிந்து, இஞ்சியின் சூடு நாக்கைவிட்டுத் தொண்டைக்கு இறங்கும். அதற்கு அடுத்த கட்டத்தில் புளிப்பு எட்டிப் பார்க்கும், குமிழி நாக்கின் ஓரத்தைக் குத்தும். அதையும் தாண்டினால் ரொட்டி மாவின் வாசனை வந்து, வெல்லத்தின் நிறம் மட்டும் மிஞ்சும். எனக்கு வேண்டியது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்ட இடம். காரம் முதலில், புளிப்பு அடுத்து, விழுங்கிய பிறகு கடைசியாக இனிப்பு. இனிப்பு முதலில் வந்தால் சீசாவுக்கு இன்னும் பொழுது வேண்டும். இனிப்பு வரவே இல்லையென்றால் வேளை கடந்துவிட்டது.

ஆபீசில் நான் தேதி வைத்து வேலை முடிக்கிறவள். முடிந்ததா, அடுத்தது என்ன, என்றே நாட்கள் ஓடின. காலையில் எழுந்ததும் கரண்டி நுனியில் எடுத்து ருசி பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, நாட்களுக்குள் வேற்றுமை தெரிய ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை வேறு, புதன்கிழமை வேறு என்று நாக்கு சொல்கிறது. இன்று காற்று எங்கிருந்து வீசுகிறது, ராத்திரி புழுக்கமாக இருந்ததா, மழை எப்போது விட்டது என்றெல்லாம் கவனிக்கிறேன். மனிதர்களிடமும் கொஞ்சம் பொறுமை கூடியிருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையானால் அதில் இந்தச் சீசாக்களுக்கும் பங்குண்டு.

பக்கத்து வீட்டு அம்மச்சியின் நெல்லிக்காய் இதற்கு நேர் எதிர்த் திசை. பரணி என்னும் ஜாடியில் ஓர் அடுக்கு நெல்லிக்காய், ஓர் அடுக்கு வெல்லம், நடுவில் ஏலம், கிராம்பு, பட்டை. வாயைத் துணியால் கட்டி, மாவு பூசி அடைத்து, 41 நாள் தொடாமல் வைப்பார்கள். முன்பெல்லாம் நெற்குவியலுக்குள் புதைப்பதும் மண்ணில் குழி தோண்டி வைப்பதும் உண்டு. வெளியே வெப்பம் ஏறி இறங்கினாலும் உள்ளே ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு மண்டலம் நெருங்கும்போது, திறந்து பார்க்கலாமா என்று நான் கேட்பேன். அம்மச்சி பரணியின் தோளில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஆயில்ல மோளே, நாளெ நோக்காம்." உள்ளங்கையில் அவருக்கு என்ன தெரிகிறது என்று நான் விசாரித்ததில்லை. திறந்த பரணியில் நெல்லிக்காய் சுருங்கி, கருஞ்சிவப்பில் சாறு நிற்கும். ஒரு கரண்டிதான் தருவார். துவர்ப்பு முழுக்கப் போகாமல், இனிப்பின் அடியில் உட்கார்ந்திருக்கும்.

அடுக்களையில் நடக்கும் இதே காரியம் வைத்திய சாலையில் நடக்கும்போது அதற்குப் பெரிய இலக்கணம் உண்டு. கஷாயம் காய்ச்சிப் புளிக்க வைத்தால் அரிஷ்டம், காய்ச்சாமல் புளிக்க வைத்தால் ஆசவம். தசமூலாரிஷ்டமும் குமார்யாசவமும் அப்படிப் பிரிந்தவை. புளிக்கச் செய்வதற்குத் தாதிரிப்பூ போடுவார்கள். சிவந்த சிறு பூ. அதன் தேனில் இருக்கும் காட்டு ஈஸ்டு பரணிக்குள் இறங்கி, வெல்லத்தைத் தின்று, மருந்து கெடாமல் காக்கப் போதுமான சாராயத்தைத் தானே உண்டாக்குகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. 1889ல் வைத்தியப் பாடசாலையாகத் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரி இந்த ஊரின் நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நம் முன்னோர் நுண்ணுயிரைக் கண்ணால் பார்க்காமலேயே அது வாழும் பூவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற வியப்பு எனக்கு வரும்.

கிறிஸ்துமஸ் ஒயினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை. 21 நாள் மரக்கரண்டியால் கிளறி, வடித்து, இன்னும் 21 நாள் தெளிய விடுவது வழக்கமான கணக்கு. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது அப்காரி சட்டப்படி குற்றம் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது. நான் போடுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் இரண்டாம் பாதியை மதிக்கிறேன். கலங்கியதை அசைக்காமல் வைத்துத் தானாகத் தெளிய விடுவதும் நிறுத்துவதில் ஒரு வகை.

வேளை தப்பினால் என்ன செய்வது என்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து அடுக்களைகளில் தப்பியதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். காலையில் இறக்கிய இளங்கள்ளு பொழுது சாய மூத்தகள்ளு ஆகும். அதையும் விட்டுவிட்டால் சில நாளில் சுர்க்கா என்னும் காடியாகி, ஊறுகாய்க்கும் இறைச்சிக்கும் போகும். சம்பாரத்துக்கு ஆகாத புளித்த மோரைத் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுப் புளிசேரி ஆக்கலாம். பழங்கஞ்சி அதிகம் புளித்த நாளில் தயிரைக் குறைத்து, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிச் சேர்த்து, சுட்ட கருவாடு கடித்துக்கொண்டால் சரியாகிவிடும். இனிப்பு முழுக்கப் போன என் இஞ்சிச் சாற்றை வாயகன்ற ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைக்கிறேன். காற்றுப் பட்டுப் பட்டு, சில வாரங்களில் அது நல்ல காடியாகிவிடும். சூரை மீன் ஊறுகாய்க்குக் கடைக் காடியைவிட அது மேல். இஞ்சி தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை, பூண்டு மட்டும் கூடுதலாகப் போட்டால் போதும்.