தலைவர் வீட்டுக்காரம்மா

பெண் ஒருவர் ஊராட்சித் தலைவராக இருக்கும் பல ஊர்களில் ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அவருடைய கணவர். ஓட்டு வாங்கி, உறுதிமொழி எடுத்து, பதவியில் இருப்பவர் ‘தலைவர் வீட்டுக்காரம்மா’ ஆகிவிடுகிறார். இந்த வேடிக்கையை நடுவில் வைத்து 2020 ஏப்ரலில் இந்தியில் வந்த தொடர் ‘பஞ்சாயத்’. அதை 2024 செப்டம்பரில் ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று தமிழில் எடுத்தார்கள். இயக்கம் நாகா. தலைவராக தேவதர்ஷினி, அவருக்குப் பதிலாகத் தலைவராக இருக்கும் கணவராக சேத்தன், சென்னையிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஊராட்சிச் செயலராக அபிஷேக் குமார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நம் சினிமாவில் பஞ்சாயத்து என்றால் ஆலமரம், சொம்பு, துண்டு, மீசை, தீர்ப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் தேர்தல், வார்டு, தீர்மானப் புத்தகம், கிராம சபை என்று இயங்கிக்கொண்டிருக்கும்போதும் திரையில் நாட்டாமையே உட்கார்ந்திருந்தார். கோப்பும் கணினியும் உள்ள ஓர் ஊராட்சி அலுவலகத்தைக் கதைக்களமாக்கியது இந்தத் தொடரின் உருப்படியான காரியம். தேவதர்ஷினி சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியில்கூட ஏதோ ஒன்றைச் செய்துவிடுகிறார்.

தகராறு வேறிடத்தில். அந்தப் பெண்ணைத் தலைவராக விடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்குத் தொடர் தரும் பதில் மிகவும் வசதியானது. அவருக்கு வெளியுலகம் பழக்கமில்லை, வீட்டு வேலை இருக்கிறது, கணவர் பாசக்காரர். கதையை நகர்த்த இது போதும். ஊராட்சியைப் புரிந்துகொள்ளப் போதாது.

இந்தி மூலத்தின் முதல் பருவத்தில் செயலர் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்றை வாங்குகிறார். தன்னுடையதைவிட அது உசத்தியாக இருப்பது பிரதானின் கணவருக்கு உறுத்துகிறது. நல்ல நகைச்சுவைதான். இரண்டு ஆண்களின் நாற்காலிகளுக்கு நடுவில், உண்மையான பிரதானுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி உண்டா என்று கேட்க ஆளில்லை.

அதே 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளியே வந்தது. ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், தலித் பெண்ணான தலைவர் ராஜேஸ்வரி தரையில் இருக்கிறார். ‘தரையில் அமர வைக்கப்பட்டார்’ என்று செய்திகள் எழுதின. தமிழில் இந்தச் செயப்பாட்டு வினை பெரிய உபகாரி. அமர வைத்தவர் யார் என்பதைச் சொல்லாமலே வாக்கியம் முழுமையடைந்துவிடும். நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் ஊராட்சிச் செயலரும் உண்டு. அவரும் பெண். பெண் பதவிக்கு வந்தால் பெண்கள் கூட நிற்பார்கள் என்ற நம்முடைய எளிய கணக்கையும் சேர்த்தே அந்தப் படம் கலைத்தது.

இந்தித் தொடரில் சாதி இல்லை என்று சொல்ல முடியாது. திரிபாதி, துபே, சுக்லா, பாண்டே: செயலர், பிரதானின் கணவர், அலுவலக உதவியாளர், துணைப் பிரதான் நால்வரின் பெயர் வாலைப் படித்தாலே அந்த அலுவலகம் யாருடையது என்று தெரிந்துவிடும். தமிழில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால் ‘தலைவெட்டியான் பாளைய’த்தில் அந்த ஒரு தடயமும் போயிற்று. வாலை வெட்டியது நமது பெருமை. அந்தப் பெருமையே இங்கு சாதியை ஒளித்துவைக்கவும் உதவிவிட்டது.

துணைத் தலைவர் விஷயம் இதைவிட முக்கியம். இந்தியில் அவர் பிரகலாத், எல்லோருக்கும் பிடித்த வெள்ளந்தி மனிதர், குடும்ப நண்பர். தமிழ்நாட்டு ஊராட்சியில் துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் இல்லை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும். தலித் பெண்ணுக்குத் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊரில் ஆதிக்க சாதிக்காரர் துணைத் தலைவராக வந்து உட்கார்ந்தால் போதும். குழாய் உடைந்தாலும், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் போடவேண்டும் என்றாலும் அவர் பேனாவைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே நிற்கும் தலைவருக்குத் தைரியம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஒரு கையெழுத்தால் இயங்கும் இந்த வன்முறைதான் அசல் ஊராட்சி நாடகம். எடுத்தால் எட்டு பாகங்களுக்கு மேலேயே போகும்.

இந்தித் தொடரின் முதல் பருவம் ஜனவரி 26 கொடியேற்றத்தில் முடிகிறது. ஆட்சியர் வருகிறார், பெண் பிரதானே கொடியேற்ற வேண்டும். மஞ்சு தேவிக்கு தேசிய கீதம் தெரியாது, கற்றுக்கொள்கிறார். பார்ப்பவர் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. அந்தத் தொடர் வந்த நான்காவது மாதம், ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் தலைவர் அமிர்தம் கொடியேற்றாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினார். இரண்டு கதையிலும் ஆட்சியர் வருகிறார், இரண்டிலும் ஒரு பெண் கொடியேற்றுகிறார். ஒன்றில் அவர் பாட்டை மனப்பாடம் செய்தால் போதும். மற்றொன்றில் கொடிக்கம்பத்தை யார் தொடலாம் என்று தீர்மானிக்கிறவர்களைத் தாண்ட வேண்டும். நகைச்சுவைக்கு ஒரு பகுதிக்குள் தீர்கிற தடை வேண்டும். அறியாமை அப்படித் தீரும். சாதி தீராது, ஆகவே அதற்குக் கதையில் இடமில்லை.

வெறும் பொழுதுபோக்கைப் போய் இவ்வளவு நோண்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 மார்ச்சில் ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம், பினாமித் தலைமையை ஒழிக்கும் பிரச்சாரத்துக்காக, இந்தத் தொடரைத் தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்து ‘அசலி பிரதான் கவுன்?’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. நடித்தவர் அதே நீனா குப்தா. உண்மையான பிரதான் யார் என்று அரசாங்கம் கேட்கும் கேள்வியும், ஆக, கணவன் மனைவி என்ற இருவருக்குள்ளேயே முடிந்துவிட்டது.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் கிருஷ்ணவேணி கணவரை முன்னால் விட்டுப் பின்னால் நின்றவர் இல்லை. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர், வேலை தெரிந்த தலைவர் என்று பெயரெடுத்தவர். 2011 ஜூனில் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றதும் பகைக்கு ஒரு காரணம் என்று அப்போது செய்திகள் சொல்லின. கணவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் தலைவரைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்த முதுகு சில ஊர்களில் தடுப்புச் சுவரும்தான் என்பதைத் தொடர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமாயிற்று. அப்படி 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரும் போனார், தலைவர் வீட்டுக்காரம்மாவும் போனார். ஊராட்சி அலுவலகத்தில் செயலர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.