வரி கேட்காத தோம்பு

போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த தோம்பு, காணியையும் ஆட்களையும் வரிக்காகப் பதிந்த ஏடு. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' போரில் இடம்பெயர்ந்தோரின் வீடுகளைப் பதிகிறது: அவர்கள் நினைவிலிருந்து கீறிய நிலப்படம், அதன் கட்டடக்கலை வரைபடம், சனாதனனின் ஓவியம்.

தரவுத்தளம் அமைத்துப் பிழைக்கும் எனக்கு, ஒழுங்கான இரண்டாவது படமே முதலில் பிடித்தது. ஆனால் எதைப் பெரிதாகக் கீறினார்கள், எதை விட்டார்கள் என்பது முதலாவதில்தான் இருக்கிறது. கோடு நேரானதும் அது போய்விடுகிறது. சனாதனனின் ஓவியம் சில இடங்களில் தேவைக்கு மேல் விளக்குகிறது. என்றாலும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, எந்தப் பதிவும் முழுமையல்ல என்று காட்டுவதே நூலின் நேர்மை.

ஆர்ச்வே வீட்டில் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். கிணற்றடியில் தொடங்கினார்.