நீளாத, சுருங்காத கோடு

மின்சாரப் பேனல் பெட்டியைத் திறப்பவர்கள் பொதுவாக உள்ளே இருக்கும் ஒயர்களைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது கதவின் ஓரத்துக்கு. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடினால், அந்தப் பட்டறையில் கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். கீறலையும் வெல்டிங் தழும்பையும் பவுடர் கோட்டிங் மூடிவிடும். கோணிப்போன சந்தை அதனால் மூட முடியாது.

அந்தக் கணக்கு மடிப்பில் இருக்கிறது. 2 மி.மீ. தகட்டில், வெளியளவு 50க்கு 30 என்று செங்கோணமாக ஒரு ‘எல்’ துண்டு வேண்டும். ஐம்பதும் முப்பதும் எண்பது என்று வெட்டி வளைத்துப் பாருங்கள்: இரண்டு கைகளையும் கூட்டினால் எண்பத்து மூன்றே முக்காலுக்கு வந்து நிற்கும். தகடு மூலை வரை போய்த் திரும்புவதில்லை. வளைந்து குறுக்குவழியில் போய்விடுகிறது. அந்த மிச்சத்தை வெட்டும் முன்பே கழித்துவிட வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

தடித்த அழிரப்பரை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும். நடுவில் எங்கோ நீளாமலும் சுருங்காமலும் ஒரு கோடு இருந்தாக வேண்டும். கலிலியோவையே ஏமாற்றிய கோடு அது. 1638இல் வந்த ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில், சுவரில் செருகிய உத்தரம் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவதாக வைத்தே அவர் கணக்குப் போட்டார். ஒரு பாதி இழுபட, மறுபாதி அமுங்குகிறது என்று கூலோம் 1773இல் சரியாகச் சமன்படுத்திக் காட்டினார். உத்தரத்தில் அந்தக் கோடு நட்டநடுவில் நிற்கும். திரும்பி வராதபடி மடக்கிய தகட்டிலோ அது உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. உள்முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத் தகட்டின் தடிமனால் வகுத்தால் கிடைப்பது கே ஃபேக்டர். நட்டநடு என்றால் 0.5, கூர்மையாக மடிக்க மடிக்க 0.33 பக்கம் இறங்கும்.

இனி வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. உள் ஆரம் 2.5, கே 0.42 என்றால் கோட்டின் ஆரம் 3.34. செங்கோண வளைவு கால் வட்டம் என்பதால் 1.57ஆல் பெருக்க, வளைவுக்குள் போகும் தகடு 5.25 மி.மீ. வெளியளவில் இரு பக்கமும் வளைவுக்கு விட்ட இடம், ஆரமும் தடிமனும் சேர்ந்து, நாலரை நாலரையாக ஒன்பது. ஒன்பதில் 5.25 போனால் 3.75. ஆக, வெட்ட வேண்டிய நீளம் 76.25. இத்தனை சுருக்கமாக முடிகிற அழகான கணக்குகள் பட்டறையில் அதிகம் இல்லை.

1914 முதல் பதிப்பிக்கப்பட்டுவரும் ‘மெஷினரீஸ் ஹேண்ட்புக்’ இதை இன்னும் சுருக்கிவைத்திருக்கிறது. ஆரத்தை 1.57ஆல் பெருக்கு, அதோடு தடிமனில் இத்தனை பங்கைச் சேர். மென்மையான பித்தளைக்கும் செம்புக்கும் 0.55, மென்மையான எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 0.64, விறைத்த உலோகங்களுக்கு 0.71. நம் தகட்டுக்கு 0.64 போட்டால் 5.2 வருகிறது. மேலே பார்த்த விடைக்கும் இதற்கும் ஒரு தாளின் கனம்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த 2.5 ஆரம் எங்கிருந்து வந்தது? வரைபடத்திலிருந்து இல்லை. தகடு மடிக்கும் பிரஸ் பிரேக்கில், மேலிருந்து இறங்கும் பஞ்ச் தகட்டைக் கீழேயுள்ள டையின் அடிவரை நசுக்காமல் அந்தரத்தில் வளைக்கும்போது, உள் ஆரத்தைத் தீர்மானிப்பது டையின் வாய் அகலம்தான். சாதா எஃகில் அது வாய் அகலத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு. ஸ்டெயின்லெஸ்ஸில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். 16 மி.மீ. வாய் இருந்த இடத்தில் யாரோ 12 மி.மீ. டையை மாட்டிவிட்டால், மடிப்புக்குக் கால் மி.மீ. நழுவுகிறது. கதவுத் தகட்டுக்குக் குறுக்கே நாலு மடிப்பு. ஒரு மில்லிமீட்டர் போயிற்று, சந்து கோணிற்று. வரைந்தவரைத் திட்டுவார்கள். அவர் என்ன செய்வார், பாவம்!

இதற்கு மருந்து சூத்திரத்தில் இல்லை. அதே தகட்டில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதே டையில் செங்கோணமாக மடித்து, இரு கைகளையும் வெர்னியரில் அளந்து கூட்ட வேண்டும். கூட்டலில் நூறுக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் கழிக்க வேண்டிய அளவு. 103.75 வந்தால் 3.75. ஆரமும் வேண்டாம், கேயும் வேண்டாம், கலிலியோவும் வேண்டாம். எனக்கு இந்தக் கலையிலேயே ஆகப் பிடித்த இடம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தேடிப்போன கணக்கு, கடைசியில் ஒரு துண்டுத் தகட்டிடமே விடை கேட்கிறது.

இன்று மென்பொருளே தகட்டை விரித்துக் காட்டிவிடுகிறது. அதில் கே 0.44 என்றோ 0.5 என்றோ யாரோ முன்கூட்டியே போட்டுவைத்த எண் உட்கார்ந்திருக்கும். அது உங்கள் டையையும் பார்த்ததில்லை, உங்கள் தகட்டையும் பார்த்ததில்லை. பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு டைக்கும் ஒரு பட்டை மடித்து, கிடைத்த எண்களை மிஷின் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், புது லோடு தகடு இறங்கினால் மறுபடியும் ஒரு பட்டை மடித்துப் பாருங்கள்.