முன் சீட்டைப் பாருங்கள்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கால்பந்து பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானத்து ஓரம் நிற்கும் பெரியவர்கூட, பந்து காலுக்கு வருமுன்பே அடுத்து யாருக்குத் தட்ட வேண்டும் என்று கத்திவிடுவார். அந்தக் கண் இருப்பவர்களுக்கு டேண்டம் பாரா சைக்கிளிங் பிடித்துப்போகும்.

ஒரே சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் பார்வைக் குறைபாடுள்ள வீரர், ஸ்டோக்கர் என்பார்கள். முன்னால் பார்வையுள்ள பைலட். இருவர் பெடலையும் சங்கிலி பிணைத்திருப்பதால், ஒருவர் மிதிக்கும் வேகத்தில்தான் மற்றவரும் மிதித்தாக வேண்டும். பைலட்டை வெறும் டிரைவர் என்று நினைத்தால் பாதி ஆட்டம் கண்ணில் படாது. அவரும் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார். ஹேண்டிலைப் பிடிப்பது அதற்கு மேல் ஒரு வேலை.

முதலில் 1,000 மீட்டர் டைம் டிரையலைப் பாருங்கள். 250 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. பிரேக் கிடையாது, ஒரே கியர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இருவரும் ஒரே கணத்தில் சீட்டை விட்டு எழுகிறார்களா என்று கவனியுங்கள். ஒருவர் முந்தினாலும் சைக்கிள் ஆடிவிடும், அங்கேயே நேரம் போய்விடும். பிறகு வளைவு. டேண்டம் நீளம், கனம். வேகம் ஏறிய பின் தடத்தின் அடிக்கோட்டை விடாமல் பிடித்துப் போவது லேசில்லை. நல்ல பைலட்டின் தோள் அங்கே அசையவே அசையாது. டோக்கியோ பாராலிம்பிக்கில் நீல் ஃபேக்கியும் பைலட் மாட் ராதர்ஹாமும் 58 விநாடி சொச்சத்தில் தங்கம் வென்றார்கள். சராசரியே மணிக்கு 62 கிலோமீட்டர்!

சாலைப் பந்தயத்தில் வேறொன்று சேர்கிறது: வாய். வளைவு, மேடு, கியர் மாற்றம், எதிராளி எங்கே என்பதெல்லாம் பின்னால் இருப்பவருக்குக் குரலாகத்தான் போகும். அயர்லாந்தின் கேட்டி-ஜார்ஜ் டன்லெவிக்கு ரியோவிலும் டோக்கியோவிலும் பைலட்டாக இருந்த ஈவ் மெக்கிரிஸ்டல் ஒரு போலீஸ்காரர். வேலையையும் பார்த்துக்கொண்டு தங்கங்கள் வாங்கினார்.

பைலட்டுகளின் வாழ்க்கைப் பாதை எனக்கு இன்னும் சுவாரசியம். ஸ்காட்லாந்தின் கிரெய்க் மெக்லீன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டீம் ஸ்பிரிண்ட் வெள்ளி வென்றவர். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் அந்தோணி கேப்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கினார். இறுதியில் அவர்கள் தோற்கடித்தது ஃபேக்கியையும் அவருடைய பைலட் பார்னி ஸ்டோரியையும். அந்த ஸ்டோரி யார்? 2008 பெய்ஜிங்கில் இதே கேப்ஸுக்குத் தங்கம் வாங்கித் தந்த பைலட்! லண்டனுக்கு ரெண்டு வருஷம் கழித்து கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஃபேக்கியின் முன் சீட்டில் மெக்லீன்; இரண்டு தங்கம். நம்மூர் கிளப் கால்பந்தில் ஆள் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே மாறுவது ஒருவருடைய கண்.

ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு வேடிக்கை புரியும். கர்நாடகத்தின் ரக்ஷிதா ராஜு போன்ற பார்வையற்ற ஓட்டக்காரர்களுடன் கயிறு பிடித்து ஓடும் வழிகாட்டி, முடிவுக் கோட்டை வீரருக்கு முன்பாகத் தாண்டக் கூடாது. தாண்டினால் தகுதி நீக்கம். டேண்டத்தில் பைலட் எப்போதும் முன்னால்தான். மேடையில் மட்டும் இருவருக்கும் பதக்கம்.

இந்தியாவிலிருந்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்குக்குப் போன அர்ஷத் ஷேக், ஜோதி கடேரியா இருவரும் தனி சைக்கிள் வீரர்கள். டேண்டம் இங்கே பந்தயத்துக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும் ஓடுகிறது. புனேயின் திவ்யான்ஷு கனாத்ராவின் அமைப்பு, பார்வையற்றவர்களையும் பார்வையுள்ளவர்களையும் ஒரே சைக்கிளில் ஏற்றி மணாலியிலிருந்து கார்துங் லா வரை கூட்டிப்போயிருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், அந்த லண்டன் ஸ்பிரிண்ட் இறுதியைத் தேடிப் பாருங்கள். ஒருமுறை முன் சீட்டை மட்டும், மறுமுறை பின் சீட்டை மட்டும்.